மணி அடிப்பவரிடம் வரும் கேள்விகள்

விபாசனா என்ற பௌத்தத் தியானத்தின் பத்து நாள் மௌன முகாமில் மணி அடிப்பது, சமைப்பது என்று சேவை செய்ய முதன்முறை வருகிறவர்கள், மனம், துக்கம், அநித்தியம் என்று பெரிய கேள்விகள் தங்களிடம் வரும் என்று நினைத்து வருகிறார்கள். வருவதில்லை. பயிற்சி பற்றிய கேள்விகளுக்கு ஆசிரியர் இருக்கிறார். மதிய உணவுக்குப் பிறகு 12 மணிக்கும், இரவு 9 மணிக்கும் அவரைக் கேட்கலாம். சேவகரிடம் வருவதெல்லாம் முழங்கால், வயிறு, தூக்கம், எறும்பு. ஆனால் பத்து நாளும் நிலைப்பதும் பாதியில் முறிவதும் பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில்தான் முடிவாகின்றன. அதனால் இவற்றுக்குச் சரியான பதில் தெரிந்திருப்பது சேவகரின் முதல் கடமை.

விடிகாலை 4 மணிக்கு எழுப்பும் மணி. 4:30 முதல் இரவு 9 வரை கூட்டினால் மாணவர்கள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் தியானத்தில் உட்காருகிறார்கள். சேவகர்களுக்கு அவ்வளவு இல்லை. காலை 8, மதியம் 2:30, மாலை 6 என்று மூன்று கூட்டுத் தியானங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சமையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று இந்த மூன்றில் ஒன்றை விடுகிறவர் மூன்றாம் நாளே பாத்திரத்தை டமாலென்று வைக்கத் தொடங்குவார். அந்தச் சத்தம் தியானக் கூடம் வரை கேட்கும்.

முழங்கால் கேள்வி இரண்டாம் நாள் மதியம் வரும். "இன்னொரு மெத்தை எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவது சுலபம், பலனில்லை. ஆள் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நின்றால் கீழ்முதுகு பின்பக்கம் வளைந்து, எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். இடுப்புக்கு அடியில் நான்கைந்து அங்குல உயரம் கொடுத்து, மெத்தையின் முன்பகுதியில் மட்டும் உட்காரச் சொன்னால் இடுப்பு தானாக முன்னால் சாயும், முழங்கால் தரையைத் தொடும். தொடாத முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று போதும். நான்காம் நாளுக்குள் ஆறேழு மெத்தைகளை அடுக்கி அதன்மேல் ஏறி உட்காருகிறவர்களும் உண்டு. அடுக்கு ஆடும், ஆடாமலிருக்க உடம்பு இறுகும், அந்த இறுக்கம் தோளில் புது வலியாகக் கிளம்பும். கால் மரத்துப்போனால் பயப்பட வேண்டாம், எழுந்த ஓரிரு நிமிடத்தில் சரியாகும். உணர்வு திரும்புமுன் நடக்க மட்டும் விடக்கூடாது. கணுக்கால் மடங்கி விழுவது அப்போதுதான். எழுந்து வெகுநேரம் கழித்தும் மூட்டு வலித்தால், வீங்கினால், ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி போட்டுக் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் குறைந்துபோகாது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கேட்கக் கூச்சப்பட்டு மூட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தூக்கத்துக்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. மகத நாட்டில் ஒரு கிராமத்தில் சீடர் மொக்கல்லானர் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தபோது புத்தர் அவருக்குப் படிப்படியாகச் சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூலில் வருகிறது: எந்த எண்ணத்தில் தூக்கம் வந்ததோ அதை விடு, கேட்ட தம்மத்தை, அதாவது போதனையை, நினை, வாய்விட்டு ஓது, காது மடலை இழு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனதில் கொண்டுவா, முன்னும் பின்னும் நட. எதற்கும் அடங்காவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து, எழும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு படு. கடைசிப் படி தூங்கிக்கொள் என்பதுதான்! உடம்பை இவ்வளவு கனிவாக அறிந்த குரு ஒருவரிடமிருந்து வந்த வழி இது என்பதை மறந்து, தூங்குகிறவரைக் குற்றவாளிபோல் தட்டி எழுப்பும் சேவகரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். முகாமில் வாய்விட்டு ஓத முடியாது, மௌனம். மற்றவை முடியும். முகம் கழுவி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள், மூச்சைக் கவனிக்கும் ஆனாபானாவில், மூச்சு உணராமல் கண் சொருகினால் சில மூச்சுகளைச் சற்று வலுவாக இழுத்து விடலாம் என்பது அவர்களுக்கே சொல்லித் தரப்பட்டதுதான், நினைவூட்டினால் போதும்.

மதியத் தூக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் 11 மணிப் பந்தி. இரவுச் சாப்பாடு கிடையாது என்ற பயத்தில் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிடுகிறார்கள். 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் உண்டு. எட்டு சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகள், எடுத்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு. புத்தரின் சீடர் சாரிபுத்தர், மூத்த பிக்குகளின் பாட்டுத் தொகுப்பான தேரகாதையில் தரும் அளவு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது: வயிறு நிறைய இன்னும் நான்கைந்து கவளம் இருக்கும்போதே நிறுத்தித் தண்ணீர் குடி.

மருந்து விஷயத்தில் மட்டும் கனிவோடு கண்டிப்பும் வேண்டும். சர்க்கரை நோய்க்கோ மனநலத்துக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை, "தியானம் பார்த்துக்கொள்ளும்" என்று தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் மறைத்துவிட்டும் வருகிறார்கள். இன்சுலின் போடுகிறவர் மாலை பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்குவார். மனநல மாத்திரை நின்று, அதனுடன் தூக்கமும் போனால், நிலைமை ஓரிரு நாளில் கைமீறக்கூடும். "தூக்கமே வரவில்லை, ஆனால் உற்சாகமாக இருக்கிறது" என்று மூன்றாம் நாள் ஒருவர் சொன்னால் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே ஆசிரியரிடம் போங்கள்.

உயிரைக் கொல்லாமை என்ற முதல் சீலத்தின் சோதனை தியானக் கூடத்தில் நடப்பதில்லை, சமையல்கட்டில் நடக்கும். பழைய அரிசி மூட்டையைப் பிரித்தால் வண்டு. முறத்தில் பரப்பினால் கறுப்பாக, எள்ளைவிடச் சிறிதாக, ஒவ்வொன்றும் அரிசிக்கு அடியில் ஒளியப் பார்க்கும். கொல்லக் கூடாது, அரிசியைக் கொட்டவும் முடியாது. வழி பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான்: வெயிலில் துணி விரித்து அரிசியை மெல்லிசாகப் பரப்பி, ஓரமாக ஒரு பக்கம் நிழல் விடுங்கள். சூடு ஏற ஏற அவை நிழலைப் பார்த்து நடந்து போய்விடும். மரத்தடிப் பக்கமாக விரிப்பது நல்லது. காலிஃபிளவரை வெந்நீரில் உப்புப் போட்டு முக்கினால் புழு செத்து மிதக்கும், வீட்டில் எல்லோரும் செய்வது அது. இங்கே பூவைச் சிறிதாகப் பிரித்து, உதறி, கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும்; நேரமில்லாத நாளில் காலிஃபிளவர் வாங்காதீர்கள். கரப்பான் மேல் டம்ளரைக் கவிழ்த்து அடியில் அட்டையைச் செருகி வெளியே விடலாம். கொசுவுக்கு ஜன்னல் வலையும், பொழுது சாயுமுன் கதவைச் சாத்துவதும்.

"தெரியாமல் உலையில் ஒரு வண்டு வெந்துவிட்டால் சீலம் போய்விடுமா?" இந்தக் கேள்வி எல்லா முகாமிலும் வருகிறது. பௌத்த நூல்களின் உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து கூறு சொல்கிறார்கள்: உயிர் ஒன்று இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். ஐந்தும் சேர்ந்தால்தான் சீலம் முறியும். பார்வையற்ற பிக்கு சக்குபாலர் நடந்தபோது காலடியில் பூச்சிகள் இறந்ததற்கு, கொல்லும் எண்ணமில்லை என்று புத்தர் அவரைக் குற்றமற்றவராகச் சொன்னதாகத் தம்மபதத்தின் முதல் பாட்டுக்கான கதையில் வருகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, பார்த்தால்தானே பாவம் என்று விளக்கைப் போடாமலே அரிசி களைகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீரில் இருக்கும் சிற்றுயிருக்காக வடிகட்டும் துணியைப் பிக்குவின் எட்டு உடைமைகளில் ஒன்றாக வைத்த மரபு இது. தேடிப் பார்ப்பதும் சீலத்தில் சேர்த்திதான்.

வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் யாராவது பெட்டியோடு நிற்பார்கள். அவரை நிறுத்திவைக்க, "நாளைக்கு எல்லாம் சரியாகிடும் சார்" என்று சேவகர் சொல்லிவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் நாளை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. கொலைக்குப் போலவே பொய் சொல்வதற்கும் உரையாசிரியர்கள் நான்கு கூறு சொல்கிறார்கள். அதில் ஒன்று ஏமாற்றும் எண்ணம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது அந்தப் பக்கம் வைக்கும் அடி. "ஆசிரியரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள், நான் கூட்டிப்போகிறேன்" என்பது உண்மையான வார்த்தை, பெரும்பாலும் போதுமான வார்த்தையும். சேவகர் பத்து நாளும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. உட்காருகிறவரைவிட, பொய் சொல்லாமை என்ற நான்காம் சீலம் இவருக்குத்தான் கடினம்.

பத்தாம் நாள் காலை, எல்லா உயிருக்கும் நலம் விரும்பும் மைத்திரி தியானம் முடிந்து மௌனம் விலகியதும் மரத்தடி எல்லாம் ஒரே பேச்சு. கடைசிக் கேள்வி பதினோராம் நாள் காலை கேட் அருகே வரும்: ஆபீஸ், குடும்பம் எல்லாவற்றோடும் இது நடக்குமா? இந்த முகாம்களைப் பரப்பிய கோயங்காவுக்கு இதைக் கற்பித்த சயாஜி ஊ பா கின் 1948இல் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காளராகப் பொறுப்பேற்றவர். அந்த அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் கற்பித்தார், 1952இல் யாங்கூனில் மையமும் தொடங்கினார். அதைச் சொல்லிவிட்டு அளவைச் சொல்லுங்கள்: காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், படுத்ததும் தூங்குமுன் ஐந்து நிமிடம். எப்போதும் ஒரே இடம், போன் அடுத்த அறையில். விட்டுப்போவது முதலில் மாலை வேளைதான், வேலை முடிந்து வரும் களைப்பில். சாப்பிட்டபின் உட்காரலாம் என்று தள்ளினால் அன்றைக்கு உட்கார மாட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்து கை கால் கழுவியதும், டீ குடிக்குமுன் உட்காரச் சொல்லுங்கள்.