விரலில் சுற்றிய துணி

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில், கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதப் போயிருந்தேன். ஓர் அக்கா மணலில் உட்கார்ந்து, பழைய துணிக் கிழிசலை ஒவ்வொரு விரலிலும் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பவளப்பாறை விரலைக் கிழித்துவிடுமாம். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு கடலுக்குள் முங்கினார்.

அன்றிரவு ராமநாதபுரம் அறையில், "கடல் தாயின் மடியில் முத்தெடுக்கும் மங்கையர்" என்று ஆரம்பித்தேன். உடனே உள்ளே அந்தக் குரல்: "இதெல்லாம் ஒரு எழுத்தா? உனக்கு எதுக்கு இந்த வேலை?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆசிரியர் எல்லார் முன்னாலும் என் கட்டுரையைத் தூக்கிப் போட்டுக் கேட்டது அது. பதினோரு வருடமாக அதே தொனி, அதே சொற்கள். பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. எழுந்து, குரல் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். "நீ வெளியூர்க்காரன்." "உனக்கு எழுத வராது." "அவங்க எடுக்கிறது முத்து இல்லையே." "தடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை."

முதல் இரண்டும் என்னைப் பற்றியவை. அவற்றை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது, அடித்துவிட்டேன். மற்ற இரண்டும் கட்டுரையைப் பற்றியவை. இரண்டும் நியாயம். முத்து இல்லை, அது மரிக்கொழுந்துப் பாசி. உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் அகார் தயாரிக்க அது போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, அங்கே பாசி எடுக்கத் தடை. வனத்துறை பிடிக்குமோ என்ற பயத்தைப் பகல் முழுக்க அவர்கள் சொன்னார்கள், நான்தான் அலையை வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

விரலில் சுற்றிய துணியிலிருந்து மறுபடி எழுதினேன். இப்போதும் எழுதும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்கிறேன். குரல் வரும்போது குறித்துவிட்டு எழுத்தைத் தொடர்வேன். காலையில்தான் அந்தத் தாளைப் பார்ப்பது. சில நாள் முழுத்தாளும் "நீ... நீ..." என்றே இருக்கும். அன்றைக்கு மனசு கனத்துத்தான் போகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கட்டுரையை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. பாசி பறிக்கிறோம்னு எழுதியிருக்கீக. பறிக்கிறது பூவு. நாங்க பாசி எடுக்குறோம்."

மூன்று இடத்தில் இருந்தது. திருத்தி அனுப்பினேன்.