திண்ணை டிஸ்ப்ளேயும் ஒரு டயோடும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஐப்பசி பிறந்தால் என் ரிப்பேர் மேசை நிறைந்துவிடும். மலையாளத்தில் துலாவர்ஷம், எங்களுக்கு ஐப்பசி மழை. மத்தியானம் வரை வெயில் காய்ந்து, மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும். மறுநாள் காலையில் எடைமெஷின் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு என்று பையில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அதில் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது ஒரு பால் சொசைட்டியின் எடைமெஷின். பால் ஊற்றுகிறவர்கள் பார்ப்பதற்காக வெளித்திண்ணையில் ஒரு டிஸ்ப்ளே. உள்ளே இருக்கும் மெஷினிலிருந்து அதற்கு ஓட்டு விளிம்பை ஒட்டி இருபது மீட்டர் ஒயர் ஓடுகிறது. ஒரே சீசனில் இரண்டு தடவை டிஸ்ப்ளே அணைந்தது. இரண்டு தடவையும் போனது, அந்த ஒயரில் சிக்னலைக் கையாளும் எட்டுக்கால் 485 ஐ.சி. மட்டும். இரண்டாவது ஐ.சி.யின் நடுவில் கடுகளவு குழி, சுற்றிலும் கரி. கரண்ட் வரும் பக்கத்தில் மிகை வோல்ட்டேஜைத் தடுக்கும் வாரிஸ்டரோ புதுசு போல இருந்தது. அப்போதுதான் உறைத்தது: மின்னலின் அடி சிக்னல் ஒயர் வழியாக வருகிறது. மின்னல் அக்கம்பக்கத்தில் விழுந்தாலே போதும், நீள ஒயர் அதை வாங்கிக்கொள்ளும்.

சரி என்று டிவிஎஸ் டயோடு போட்டேன். வழக்கமான வோல்ட்டேஜில் அது இருப்பதே தெரியாது. எல்லை தாண்டியதும் நானோ நொடிக்குள் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, வந்ததை எர்த்துக்குத் திருப்பிவிடும். நான் போட்டது 15 வோல்ட், 600 வாட் பி6கேஇ வகை. அந்த 600 வாட்டும் ஒரு மில்லி நொடி அளவு துடிப்புக்குத்தான். அடுத்த இடிக்கே ஐ.சி. மறுபடி போனது.

டயோடு மேல் குற்றமில்லை. இடம் காலியாக இருந்த மூலையில், டயோடின் நீளக் கால்களை வெட்டாமல், எர்த்துக்கு ஒரு சாண் ஒயர் விட்டு வைத்திருந்தேன். மின்னோட்டம் சட்டென்று மாறுவதை ஒயரே எதிர்க்கும்; அந்தத் தூண்டல் ஒரு சென்டிமீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 10 நானோஹென்றி. மைக்ரோ நொடிக்கு 1000 ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறினால், ஒவ்வொரு சென்டிமீட்டரும் 10 வோல்ட்டைக் கூட்டிவிடும். ஒரு சாணுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு 485 லைன் தாங்குவது -7 முதல் 12 வோல்ட் வரை. இரு பக்கமும் 15 உள்ள டயோடு அதற்கு எப்படிக் காவலாகும்?

அப்புறம் கோயம்புத்தூர் போய் எஸ்எம்712 என்ற டிவிஎஸ் டயோடு வாங்கி வந்தேன். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 12 என்று இந்த லைனுக்கென்றே செய்தது. ஒயர் நுழையும் கனெக்டரை ஒட்டியே அதைப் பற்றவைத்து, ஐ.சி.க்கு முன்னால் லைனுக்கு ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் போட்டேன்.

அடுத்த ஐப்பசியில் டிஸ்ப்ளே மறுபடி அணைந்தது. நெஞ்சு திக்கென்றது. மல்டிமீட்டரை வைத்தால் ‘பீப்’ என்றது, டயோடு ஷார்ட். அதைக் கழற்றினேன். அடியை அது வாங்கிக்கொண்டதால் ஐ.சி. உயிரோடு இருந்தது. புது டயோடை வைத்துப் பற்றவைத்து முடிக்கும்போது சாயங்காலப் பாலுக்கு வரிசை நின்றிருந்தது. முதலில் நின்ற அக்கா பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“எண்ணு வந்துடுச்சு தம்பி. இது தெரியாம ஊத்துனா மனசே ஆறமாட்டேங்குது.”

4.6 என்று சிவப்பில் எரிந்தது.