மூணு மாசம் வரைக்கும் ரகசியமா?

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்" என்பது நான் கர்ப்பமாக இருப்பது பற்றி அத்தையின் கட்டளை. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்; கண்ணு பட்டுவிடுமாம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. நர்ஸக்காவிடமும் மறைத்தால் எப்படி? 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண், வாங்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி, பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பணத்தை விடுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவது ஆரம்ப வாரங்களில். ஃபோலிக் ஆசிட் மாத்திரை முக்கியமாகத் தேவைப்படுவதும் அப்போதுதான். இரண்டையும் அத்தையிடம் சொன்னேன். எதற்கு மசிந்தாரோ, சரி என்றுவிட்டார்.

வரும் செவ்வாய் போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள் அது. திங்கட்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகு செவ்வாய் காலையில் கரைக்கு வந்துவிடும், அதனால் என் வீட்டுக்காரரும் வருவார், தூக்கக் கலக்கத்தோடு.

ஆதார், ரேஷன் கார்டு, என் பெயரில் உள்ள பாஸ்புக் எல்லாம் பையில் ஏறியாச்சு. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, அதாவது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள், கேட்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய வாரம், ஜூன் 16. அதோடு 7 நாளும் 9 மாதமும் கூட்டினால் பிரசவத் தேதி மார்ச் 23 என்று வருகிறது.

மறக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அப்புறம், நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். அவர் எனக்கு அத்தை மகன். "அதை எதுக்கு அங்க போய்ச் சொல்லிக்கிட்டு?" என்கிறார் அத்தை. டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., சிறுநீர் என்று வரிசையாகப் பரிசோதனை இருக்கும். ஊசிக்குப் பயமில்லை. சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே, அதுதான் கலக்கம். இப்போதெல்லாம் டீ வாசனைக்கே குமட்டுகிறது.

மீன் விஷயமும் பாக்கி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு போடுகிற ஊர் இது. அத்தை இப்போதே ஆரம்பிக்கலாம் என்கிறார். சுறாவில் பாதரசம் அதிகம், வயிற்றுப் பிள்ளையின் நரம்புக்கு ஆகாது. என் தட்டில் இப்போதைக்குச் சாளையும் நெத்திலியும்தான். பிரசவத்துக்குப் பிறகாவது சாப்பிடலாமா, எவ்வளவு என்பதை அத்தையை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டுவிடப் போகிறேன்.