கடைசி மூன்று நாள்: கிரிக் மலைப்பாதை, பினாங்கு, பிறகு வீடு

கூட்டாளிகளோடு மலேசியத் தீபகற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றும் பயணம் என்றால், திட்டமெல்லாம் முதல் நாலைந்து நாளுக்குத்தான் இருக்கும். குவாந்தானில் எங்கே தங்குவது, திரங்கானுவில் எங்கே சாப்பிடுவது என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடும். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் "பினாங்கு போய்ட்டு அப்படியே கேஎல் (கோலாலம்பூர்) வந்துடலாம்" என்று ஒரே வரி. வண்டி களைத்து, ஆள் களைத்து, சாமான் இரட்டிப்பாகி, எல்லோருக்கும் திங்கட்கிழமை வேலை ஞாபகத்துக்கு வரும் நாள்கள் இவை. திட்டம் கட்டாயம் வேண்டியதும் இந்த நாள்களுக்குத்தான்.

கோத்தா பாருவிலிருந்து பினாங்குக்கு வரும் நாளை முழு ஓட்ட நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை புறப்படுகிறவர்கள் டயர், பேட்டரி சந்தேகம் எதுவானாலும் வியாழனே பார்த்துவிட வேண்டும். வெள்ளியன்று பட்டறைகள் பல மூடிக் கிடக்கும். மலையடிவார ஊரான ஜெலியில் எண்ணெய் (பெட்ரோல்) நிரப்பிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். அங்கிருந்து கிரிக் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் காடும் தெமெங்கோர் ஏரியும்தான். கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் விட்டுப்போகும். விடிகாலையில் பனிமூட்டம், இருட்டினால் யானை. ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறி, மாலை நாலுக்குள் கிரிக் இறங்கிவிடுவது நல்லது. சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்ட வேண்டாம், படம் பிடிக்கக் கீழே இறங்கவே வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பின்னால் போக இடம் இருக்கட்டும். அது தன் வழியில் போகும்வரை காத்திருப்பதுதான் வேலை. கிரிக்கிலிருந்து பாலிங், கூலிம் வழியாக பட்டர்வொர்த் வந்துவிடலாம். கார் ஏற்றும் பழைய ஃபெர்ரியை நினைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகாதீர்கள், அது இப்போது காரை ஏற்றுவதில்லை. பாலம்தான். தீவுக்குள் போகும்போது காருக்கு டோல் 5.74 வெள்ளி (ரிங்கிட்). திரும்பி வரும்போது டோல் கிடையாது.

பினாங்கில் ஒரு முழுநாள் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். ஜோர்ஜ்டவுனில் நடந்தே எல்லாம் பார்க்கலாம். வண்டிக்கு அன்று இரண்டே வேலை. ஒன்று, அடிப்பகுதியோடு சேர்த்துக் கழுவுவது. கிழக்குக் கரை மணலும் உப்பும் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், விட்டால் துரு பிடிக்கும். இரண்டாவது டயர்.

டயரைப் பார்ப்பது என்றால் எட்டி உதைத்துப் பார்ப்பது இல்லை. காலையில், வண்டியை எடுக்கும் முன், ரப்பர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். ஓடிவந்த டயரில் உள்ளே காற்று சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்த காற்றோடு நெடுஞ்சாலை ஏறுவீர்கள். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைந்து சாமானும் இருந்தால் அதற்கென்று தனி அளவு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் பின் டயருக்குக் கூடுதலாக. பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். வெளியே பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) நன்றாக இருந்து உள்ளே மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. பக்கச் சுவரில் உள்ளங்கையை மெதுவாகச் சுற்றிலும் ஓட்டுங்கள். கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு கையில் தட்டுப்பட்டால், எங்கோ பள்ளத்தில் விழுந்து உள்நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஒட்டுப் போட முடியாது. அந்த டயரோடு மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடக்கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டாலும் அப்படியே.

அன்று இரவு, நாசி கண்டார் சாப்பிட்ட கையோடு, கணக்கை முடித்துவிடுங்கள். வீடு திரும்பி ஒரு வாரம் போனால் ரசீது தொலைந்துவிடும். கேட்பதற்குக் கூச்சம் வரும். நல்ல கூட்டாளிக்குள் ஒரு சின்ன முள் தங்கிவிடும். வழி எளிது. நாலு பேர், மொத்தச் செலவு 2,640 வெள்ளி என்று வையுங்கள். தலைக்கு 660. முதல் ஆள் ஏற்கனவே 1,480 போட்டிருக்கிறார், இரண்டாமவர் 700, மூன்றாமவர் 460, நாலாமவர் ஒன்றும் போடவில்லை. அப்படியானால் முதல் ஆளுக்கு 820 வர வேண்டும், இரண்டாமவருக்கு 40. நாலாமவர் 660-ஐ முதல் ஆளுக்கு அனுப்புகிறார். மூன்றாமவர் 160-ஐ முதல் ஆளுக்கும் 40-ஐ இரண்டாமவருக்கும். கைப்பேசியில் காசு அனுப்பும் டுயிட்நவ் மூன்றே முறை, கதை முடிந்தது. டோல் செலவைத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை: புறப்பட்டபோது டச் என் கோ என்ற டோல் அட்டையில் இருந்த தொகை, நடுவில் ஏற்றியது, இப்போது மிச்சம், இந்த மூன்றும் போதும். மறுநாள் டோலுக்கும் எண்ணெய்க்கும் ஒரு தொகையை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியைக் கொண்டுவந்தவருக்குத் தேய்மானத்துக்கு ஏதாவது கொடுப்பதுதான் நியாயம். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவருடைய எண்ணெய்ப் பங்கையாவது மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாள் ஞாயிறு என்றால் காலை ஏழுக்குள் பாலம் தாண்டியிருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கிளம்பினால் தாப்பாவில் ஒரு ஜேம், சிலிம் ரிவரில் ஒன்று, தஞ்சோங் மாலிமிலிருந்து ரவாங் வரை இன்னொன்று. பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவ் பக்கம் தங்கியவர்களுக்கு 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் வசதி. ஜூரு நெரிசலைத் தொடாமல் நேரே நெடுஞ்சாலைக்கு வந்துவிடலாம். டோலில் எந்த அட்டையைத் தொட்டு நுழைந்தீர்களோ அதையே வெளியேறும்போதும் தொட வேண்டும். நுழைவில் ஆர்எஃப்ஐடி (வண்டியில் ஒட்டிய டோல் ஸ்டிக்கர்), வெளியேறும் ஜாலான் டூத்தா டோலில் அட்டை என்று மாற்றினால் நுழைந்த பதிவு இருக்காது. பின்னால் வரிசை நிற்க, கம்பி திறக்காது. பழைய வகை அட்டையில் கைப்பேசி வழியே காசு ஏற்ற முடியாது, எண்ணெய் நிலையத்தில் முன்னமே ஏற்றிவையுங்கள்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இரண்டு பேராவது மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், ஓர் ஆளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 110-இல் ஒரு நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறோம். மூன்று நொடி கண் செருகினால் 90 மீட்டர் வண்டியைப் பிடிக்க ஆளில்லை. முதல் நிறுத்தம் சுங்கை பேராக், அடுத்தது தாப்பா. தூக்கம் வந்தால் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது கோப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் கண்ணாடியை முழுதாக மூடி ஏர்கோண்டை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கியவர் எழமாட்டார். நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்கள்.

சுங்கை பேராக் தாண்டி மெனோரா சுரங்கம் வரை ஏற்றம், அதன்பின் ஜெலாப்பாங்கை நோக்கி நீண்ட இறக்கம். வேக வரம்பும் அங்கே குறைகிறது. ஐந்து பேரும் சாமானும் ஏறிய வண்டியில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும், மிதி மெதுமெதுவென்று உள்ளே போகும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். அந்த நீர் சூட்டில் ஆவியாகிவிட்டால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஆட்டோ கியர் வண்டியில் அதற்கான எழுத்து எஸ், பி, எல் என்று வண்டிக்கு வண்டி மாறும். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடித்துவைக்கிறது. ஈப்போவுக்குப் பிறகு மாலை மழை பிடித்தால் முன்விளக்கைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். ஓடும்போது அபாய விளக்கை மினுக்கவிடாதீர்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று நெடுஞ்சாலை உதவிக்கான 1800-88-0000 எண்ணை அழையுங்கள். அவசரப் பாதையில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பது மிக ஆபத்து.

சாமான் விஷயம். திரங்கானு கெரோப்போக் லெக்கோர் (மீன் பலகாரம்) ஐஸ் பெட்டியில் இல்லையென்றால் பினாங்கிலேயே புளித்துவிடும், அங்கேயே பொரித்துத் தின்றுவிடுங்கள். பெலாச்சானை (வாடை வீசும் இறால் விழுது) மூன்று பை போட்டுக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாடகை வண்டியில் டுரியான் ஏற்றவே வேண்டாம், வாடை போகக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பின் கண்ணாடி தெரியும் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். கனமானவை அடியில், பின்சீட்டை ஒட்டி.

வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்த அன்று எடுத்த அதே கோணங்களில் படம் எடுங்கள்: நாலு பக்கம், நாலு ரிம், எண்ணெய் முள், ஓடிய கிலோமீட்டர். சமன் (போக்குவரத்து அபராதம்) பிறகுதான் வரும். அதுவரை யார் எந்த நேரம் ஓட்டினார் என்ற குறிப்பு குழுவிலேயே இருக்கட்டும். பினாங்கில் தீவுக்கு ஒரு மாநகராட்சி, பெருநிலத்துக்கு இன்னொன்று. பார்க்கிங் சமன் இருக்கிறதா என்று இரண்டிலும் பார்க்க வேண்டும். ஆளை இறக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவருடைய பையோடு சீட்டுக்கு அடியிலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். சார்ஜரும் ஒற்றைச் செருப்பும் அங்கேதான் கிடக்கும்.