யாருடைய பேப்பர், யார் சொன்ன செய்தி?

எங்கள் சனசமூக நிலையத்து மேசையில் ஒரு பேப்பரை மட்டும் புரட்டிவிட்டு எழும்பிப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், அது யாருடைய பேப்பர் என்று பாருங்கள். தினகரன் பேப்பரை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 இல் இலங்கை அரசின் கைக்குப் போனது. யாழ்ப்பாணத்து உதயன் பேப்பரின் உரிமையாளர் சரவணபவன் 2010 முதல் 2020 வரை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தேர்தல் நேரத்தில் இதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அதே உதயன் அலுவலகத்துக்குள் 2006 மே 2 ஆம் திகதி ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் பேப்பர் வந்தது. சார்பும் துணிவும் ஒரே இடத்தில் இருக்கலாம், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக்கூடாது.

அடுத்தது, செய்தியை யார் சொன்னது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் போர்க்காலத்தில் இராணுவம் பிடித்த காணிகளின் விடுவிப்புச் செய்தியை எடுங்கள். எத்தனை ஏக்கர், எந்தக் கிராம அலுவலர் பிரிவு என்று இருக்கிறதா? இராணுவம் சொன்னது மட்டுமா, காணிக்காரரிடமும் கேட்டார்களா? இன்னும் விடாத காணி பற்றி ஒரு வரியாவது உண்டா? யார் சொன்னது என்றே இல்லாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.

சரி, பிழையான செய்தி வந்தால்? 2003 இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். வெட்டிய பக்கத்தையும் திகதியையும் சேர்த்து அனுப்புங்கள்.