கீழ்த்துளையும் மேல்துளையும்: மாடிக் கல்வாழைக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர்

சென்னையில் மொட்டை மாடியில் கல்வாழை வளர்ப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு சோதனைக் காலங்கள் உண்டு. சித்திரையில் இலை ஓரம் கருகும்; ஐப்பசி அடைமழையில் கிழங்கு அழுகும். சென்ற வடகிழக்குப் பருவமழையில் என் தொட்டிகளில் ஒரு கிழங்கும் அழுகவில்லை. அதே தொட்டிகள் இந்தக் கத்திரி வெயிலிலும் இடைவிடாமல் தண்டு விட்டுப் பூத்தன. இரண்டு காலத்தையும் ஒரே ஏற்பாடு தாங்கிவிட்டதில் எனக்குப் பெரிய நிறைவு; ஆகவே அதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

கல்வாழை அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஈரமான நிலங்களிலிருந்து வந்த செடி. நம் ஊர்க் கொல்லைகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில், சேம்புக்கும் வாழைக்கும் பக்கத்தில் இதை நட்டவர்கள் அதன் குணத்தைச் சரியாகவே அறிந்திருந்தார்கள். வெயில் காய்ந்து வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதங்களில் வேர் முழுகி நின்றாலும் இந்தச் செடி பொறுத்துக்கொள்ளும். ஆனால் மேகமூட்டமும் குளிர்ச்சியும் சேர்ந்து, இலைகள் நீரை இழுக்காமல் நிற்கும் நாட்களில், அதே தண்ணீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிக் கிழங்கை அழுகச் செய்துவிடும். எனவே ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஊற்றுவது என்று கணக்குப் பார்ப்பதைவிட, தொட்டிக்கு அடியில் நீர்மட்டம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் முறை என்ற முடிவுக்கு வந்தேன்.

ஏற்பாடு இதுதான். கொத்தனார் கலவை சுமக்கும் பிளாஸ்டிக் பாண்டு ஒன்றில் மணலை நிரப்பி, அதன் மேல் செடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளியை ஓர் அங்குலம் புதையும்படி அழுத்தி வைக்க வேண்டும். பாண்டின் பக்கச் சுவரில் இரண்டு துளைகள்: ஒன்று அடித்தளத்தை ஒட்டி, மற்றொன்று நான்கு விரல் உயரத்தில். மணல் மேல்துளைக்கும் ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். கோடையில் கீழ்த்துளையை அடைத்துவிட்டால் நீர் மேல்துளை வரை நிற்கும்; அங்கிருந்து மணல் வழியாக ஏறி, வாளியின் அடித்துளைகள் மூலம் மண்ணை எட்டும். மழைக்காலத்தில் கீழ்த்துளையைத் திறந்துவிட்டால் ஒரு சொட்டும் தேங்காது. மணலின் ஓரமாகத் தண்ணீர் ஊற்றி, மேல்துளையில் சொட்டத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம்.

மணல் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஆற்று மணல் கிடைப்பது அரிது. பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம் சாண்டுதான் கதி. அதில் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் பரும்படி மணலில் தண்ணீர் போதிய அளவு மேலே ஏறுவதில்லை. மணிகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதாக இருப்பதால் நுண்துளை ஈர்ப்பு சில விரற்கடையோடு நின்றுவிடுகிறது. சுவர்ப் பூச்சுக்கு விற்கும் நைஸ் மணலில் நீர் நன்றாக ஏறுகிறது, ஆனால் அதிலுள்ள கல்தூள் சேறாகிக் கீழ்த்துளையை அடைத்துவிடும். பூச்சு மணலையே வாங்கி, வாளியில் கலக்கி, மேலே மிதக்கும் வெண்மையான கலங்கலை மட்டும் இரண்டு முறை வடித்துவிட்டுப் பயன்படுத்துவதும், துளைகளின் உட்பக்கத்தில் ஒரு கைப்பிடி தேங்காய் நாரை அழுத்தி வைப்பதும் போதுமானவை. கண்ணாடிபோலத் தெளியும் வரை கழுவக் கூடாது. அப்படிக் கழுவினால் நீரை ஏற்றும் நுண்மணலும் போய்விடும்.

வாளியின் அடியில் ஓட்டுச்சில்லு போடும் வழக்கத்தையும் இங்கே கைவிட வேண்டும். சில்லுகள் மண்ணுக்கும் மணலுக்கும் இடையே வெற்றிடத்தை உண்டாக்கி, நீர் ஏறும் தொடர்பை அறுத்துவிடுகின்றன. அடித்துளைகளைப் பெரிதாகப் போட்டு, மண்ணும் மணலும் நேரடியாக ஒட்டும்படி வைத்தால்தான் இந்த முறை வேலை செய்யும்.

துளை போடுவதற்கு, பழுக்கக் காய்ச்சிய ஆணியை யாரும் நம்ப வேண்டாம். ஓரம் உருகி நெளிந்து, கசிவு நிற்கவே நிற்காது. பாண்டின் உட்பக்கம் ஒரு மரக்கட்டையை அணைத்துப் பிடித்து, டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டினால் விளிம்பு சுத்தமாக வரும். சொட்டுநீர்ப் பாசனப் பொருட்கள் விற்கும் கடையில் கிரோமெட் என்று கேட்டால் ரப்பர் வளையம் தருவார்கள். அதன் அளவுக்கே துளை போட்டு, வளையத்தைப் பொருத்தி, சிறு குழாய்த் துண்டைச் செருகி முனைக்கு மூடி போட்டுவிட்டால் திறப்பதும் அடைப்பதும் ஒரு விரல் வேலை. ஈர மணல் கனமானது என்பதால் பாண்டுகளைத் தளத்தின் நடுவே பரப்பாமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி, சுவரோ உத்திரமோ தாங்கும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

வெறும் தட்டில் தண்ணீர் நிறுத்தி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை நினைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு தட்டு நீரில் முட்டையிட்டு, வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முழுக் கொசுவாகப் பறந்துவிடும். மணலுக்கு அடியில் நிற்கும் நீருக்குத் திறந்த பரப்பு இல்லாததால் அந்தக் கவலை இல்லை. மணல் சில இடங்களில் இறங்கிப் பள்ளம் விழும். அதை மட்டும் அவ்வப்போது நிரவிவிட வேண்டும்.

செடிக்குத் தண்ணீர் போதுமா என்பதை மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பதைவிட விடியற்காலையில் இலையைப் பார்த்து அறிவது எளிது. வேரில் நீர் நிறைவாக இருந்தால், வெயில் ஏறுவதற்கு முன் இலையின் விளிம்பிலும் நுனியிலும் சிறு துளிகள் வரிசையாகக் கோத்து நிற்கும். பனித்துளி இலைப்பரப்பு முழுவதும் படியும். முன்சொன்ன துளிகளோ விளிம்பில் மட்டுமே நிற்கும் என்பதால் மார்கழியில்கூட இரண்டையும் பிரித்தறியலாம். கோடையில் அந்தத் துளிகள் காணாமல் போன அன்றே பாண்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். நண்பகலில் இலை லேசாக உட்பக்கம் சுருண்டு, மாலையில் தானாக விரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மாலையிலும் சுருண்டே இருந்தாலோ, குருத்து விரியாமல் குழலாகவே நின்றாலோ செடி தாகத்தில் இருக்கிறது என்று பொருள்.

மாசிக் கடைசியில் கீழ்த்துளையை அடைக்கிறேன். பங்குனி முதல் ஆவணி வரை நீர் மேல்மட்டத்திலேயே நிற்கும். கத்திரியைவிட ஆனி, ஆடி மாதங்களின் மேற்குக் காற்றுதான் மாடியில் தொட்டியை வேகமாக உலர்த்துகிறது என்பது என் அனுபவம். அகன்ற இலையைக் கிழித்துக்கொண்டு வீசும் அந்தக் காற்றில் பாண்டு நிறைந்த நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அந்த மாதங்களில் மாலையில் பெய்யும் இடிமழையை நம்பி ஊற்றாமல் விடக் கூடாது; அது பெரும்பாலும் மேல்மண்ணை மட்டுமே நனைக்கிறது. புரட்டாசி பிற்பாதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, கீழ்த்துளையைத் திறந்துவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாக இருப்பதால் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, காலையில் மட்டும், அடித்தண்டை ஒட்டி ஊற்றினால் போதும். இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் துருப்புள்ளிகள் வருகின்றன. பூத்து முடித்த தண்டு மறுபடி பூக்காது என்பதால் அதை அடியோடு வெட்டிவிடுவதும் நீர்த்தேவையைக் குறைக்கிறது. பனி உறையும் நாடுகளில் இந்தப் பருவத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து வைப்பார்கள். நமக்கு அந்த வேலை இல்லை.

தண்ணீரின் தரம் தனிக் கதை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் ஏற்கும் கரைந்த திடப்பொருள் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், எங்கள் நீர் அதைப் பலமடங்கு தாண்டுகிறது. அடியிலிருந்து நீர் ஏறும் முறையில் உப்பும் கூடவே ஏறி மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே கோடையில் மாதம் ஒரு முறை கீழ்த்துளையைத் திறந்துவிட்டு, மேலிருந்து தாராளமாக நல்ல நீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு நான் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிறேன். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் உப்பு அநேகமாக இல்லை, தேவைப்படும் காலத்திலேயே கிடைக்கவும் செய்கிறது. ஆர்.ஓ. கருவி ஒதுக்கித் தள்ளும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைக் கல்வாழைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கிழங்கு வாங்குவோருக்கு ஒரு சொல்: கிழக்குக் கடற்கரைச் சாலையின் நர்சரிகளில் பூத்த செடியை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. இணையத்தில் நிறத்தைக் காட்டி விதை விற்கிறார்கள். கலப்பு வகைகளின் விதையிலிருந்து தாயின் நிறம் அப்படியே வருவதில்லை. என்றாலும் அந்தக் கருமணி விதைகளில் எனக்கு ஆசை விடவில்லை. ஓடு கல்லைப் போல இருப்பதால் வெள்ளைப் பருப்பு தெரியும் வரை ஒரு முனையை அரத்தால் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்திருக்கிறேன். முளைத்தவற்றைத் துணி துவைக்கும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் தரையிலேயே நடுவதாக இருக்கிறேன். அதற்கு முன், மஞ்சள் பூ விடும் குட்டை வகைக்கு இன்னும் பாண்டு தயாராகவில்லை. கிரோமெட் வாங்கியாயிற்று, துளை போட வேண்டியதுதான் பாக்கி.