சூனியக்காரி கவுன்: ரவிக்கை வரை வந்தாச்சு

படங்களில் வரும் சூனியக்காரிகளின் உடை மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை. இறுகக் கட்டிய ரவிக்கை, தரை தொடும் பாவாடை, கூர்தொப்பி. அதைத்தான் இப்போது 17-ஆம் நூற்றாண்டு முறையில், முழுக்கக் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன். முழுக்கறுப்பாக மட்டும் தைக்கவில்லை. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த சேலம் சூனியக்காரி வழக்குகளில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப். அவர் உருவம் ராத்திரியில் வந்து தன்னை அமுக்கியது என்று சாட்சி சொன்ன ஒருவர், அப்போது அவர் போட்டிருந்தது சிவப்பு ரவிக்கை என்றும் சொன்னார். எதற்கும் உதவாத அளவுக்குச் சின்ன லேஸ் துண்டுகளைச் சாயம் போடக் கொண்டுவந்தார் என்பது சாயக்காரர் ஒருவரின் சாட்சியம். நல்ல உடைமேல் ஆசை வைத்த பெண்ணாகத்தான் எனக்கு அவர் தெரிகிறார். அதனால் என் ரவிக்கையும் சிவப்பு. பாவாடை கறுப்பு.

உள்ளங்கி முடிந்தது. எல்லாம் நேர்த்தையல், சொல்ல ஒன்றுமில்லை.

பாவாடைக் கொசுவம்தான் இதுவரை செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை. இடுப்பு விளிம்பை மடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிசை நூலோட்டம். மேல் வரிசையில் ஊசி இறங்கிய இடத்துக்கு நேர் கீழேயே அடுத்த வரிசையிலும் இறங்க வேண்டும். இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் துணி விசிறி மாதிரி வரிவரியாக எழுந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு மடிப்பின் நுனியை மட்டும் இடுப்புப் பட்டியோடு பிடித்துத் தைக்க வேண்டும். கம்பளித் துணி என்பதால் மடிப்பு தொய்வதில்லை. மெல்லிய காட்டனில் செய்பவர்கள் உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்துக்கொள்ளலாம்.

ரவிக்கைக்கு உள்ளே இரண்டடுக்கு லினன், மேலே சிவப்புக் கம்பளி. லினன் அடுக்குகளைப் பின்தையலால் குழல் குழலாகப் பிரித்து, உள்ளே திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் தகட்டை (பலீன்) செருகுவது அந்தக் கால வழக்கம். நான் செருகியது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அகலமான கேபிள் டை. உடம்போடு வளையும், நிமிர்ந்தும் நிற்கும். நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்துவிட்டால் சிக்கு விழாது.

இப்போது கயிறு கோக்கும் கண்கள் நடக்கின்றன. கத்தரி வைக்கவே கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கி ஓட்டை பண்ணி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும். இழை அறுபடாமல் இருப்பதால்தான் கயிற்றின் இழுப்பைக் கண் தாங்குகிறது. இருபக்கக் கண்களும் நேருக்கு நேர் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரே கயிறு கீழிருந்து மேல்வரை சுற்றிக்கொண்டே ஏறும். படங்களில் காட்டும் குறுக்குக்கட்டைவிட இதை இறுக்குவது சுலபம், ஒருத்தியாகவே கட்டிக்கொள்ளலாம்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கமும் முடிந்ததும் கை வெட்ட வேண்டும். தோளோடு சேர்த்துத் தைக்காமல், அந்தக் காலத்தில் செய்ததுபோல ரிப்பனால் கட்டும் தனிக் கையாகவே வைக்கப்போகிறேன்.